பண்டித உமாபதி எழுதிக்கொள்வது

ஆந்திர ராஜ்யம் பிரிந்த மறு வருஷம், புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பிரிவில் பிள்ளைகள் குறைந்துபோனார்கள். இனிமேல் தெலுங்கில் படித்தால்தான் பிழைப்பு என்று பெற்றவர்கள் நினைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை. பிள்ளைகளைக் கையைப் பிடித்து அடுத்த வகுப்பறைக்குக் கூட்டிப்போய் விட்டார்கள். பிரிவை மூடினார்கள். தற்காலிக ஆசிரியையாக இருந்த தாட்சாயணிக்கு வேலை போயிற்று.

நகரிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பம் அவளுடையது. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷன் விஷ ஜுரத்தில் போய்விட்டான். அப்பா முனிரத்தினம் ஊர் வாய்க்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல், மகளை ரயிலேற்றிச் சென்னையில் ஒரு பெண்கள் விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்தார். அவர் உயிரோடு இருந்தவரை ஊர் அவளுக்கு ஊராக இருந்தது. அவர் போன பிறகும் அண்ணன் கோவர்த்தனன் "வாம்மா" என்பதும் அண்ணி சோறு போடுவதும் நிற்கவில்லை. ஆனால் சாப்பிட்டுக் கை கழுவியதும் அந்த வீட்டில் எங்கே போய் உட்காருவது என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு தகரப் பெட்டியோடு திருப்பதிக்கு வந்துவிட்டாள்.

திருப்பதியில் ரங்கையா என்பவர் நீலமேக ஔஷத சாலை நடத்திக்கொண்டிருந்தார். அவர் தயாரித்த மலயமாருத லேகியம் இருமலுக்கும் நெஞ்சுக்கட்டுக்கும் கேட்கும் என்று நாலு ஜில்லாவில் பேர். கடையில் விற்பது கொஞ்சம்தான். மீதியெல்லாம் தபாலில் போகும். சாமான் கைக்கு வந்ததும் தபால்காரரிடம் பணம் கட்டுகிற முறை. தமிழ், தெலுங்கு இரண்டும் எழுதத் தெரிந்த குமாஸ்தா தேவை என்று கடை வாசலில் பலகை மாட்டியிருந்தார். தாட்சாயணி உள்ளே போனாள்.

"ஏமம்மா, மருந்தா?" என்றார் ரங்கையா.

"இல்லீங்க. வெளியில பலகை பார்த்தேன்."

"அது மொகவாளுக்கு இல்ல போட்டிருக்கு? ஆம்பளை குமாஸ்தா."

"ஆம்பளைன்னு பலகையில இல்லீங்களே."

ரங்கையா எழுந்து வெளியே போய்ப் பலகையைப் படித்துப் பார்த்துவிட்டு வந்தார். "அவுனு, இல்ல. போட்டிருக்கணும்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, மேஜை மேல் கிடந்த ஒரு கடிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். "இதுக்கு ஒரு பதிலு எழுது, சூத்தாம், பாக்கலாம்."

சோளிங்கபுரத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். ஒரு டப்பா சாப்பிட்டேன், கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். பழைய குமாஸ்தா இப்படிப்பட்ட கடிதங்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் எழுதிவந்தார்: அகில பாரதப் புகழ்பெற்ற எமது லேகியத்தை மேலும் மூன்று டப்பா உடனே வரவழைத்துப் பயனடைவீர். தாட்சாயணி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதினாள்:

"கொஞ்சம் தேவலை என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் முன்பெல்லாம் ராத்திரி எத்தனை தடவை எழுந்து உட்காருவீர்கள், இப்போது எத்தனை தடவை என்று எழுதவில்லை. அதை உங்கள் வீட்டம்மாவைக் கேட்டு எழுதுங்கள். இருமுகிறவரைவிடப் பக்கத்தில் படுத்திருப்பவர்களுக்குத்தான் அது சரியாகத் தெரியும்."

ரங்கையா படித்தார். "வாங்குன்னு எங்கியும் எழுதலியே?"

"வீட்டம்மாவைக் கேட்டாருன்னா வாங்குவாருங்க."

சோளிங்கபுரத்துக்காரர் பதில் போட்டார். பெண்டாட்டி சொன்ன கணக்கோடு இரண்டு டப்பாவுக்கு ஆர்டரும் சேர்ந்து வந்தது. தாட்சாயணிக்கு வேலை நிலைத்தது.

கடையில் மருந்துப் பெட்டிகளை அடுக்கி ஒரு மறைப்பு கட்டி, அதற்குப் பின்னால் அவளுக்கு ஒரு மேஜை போட்டார்கள். கடைக்கு வருகிறவர்கள் கண்ணில் அவள் படமாட்டாள். அவள் எழுதும் கடிதங்களின் அடியிலும் அவள் பேர் இருக்காது. "இப்படிக்கு, பண்டித உமாபதி, வைத்தியர்" என்றுதான் கையெழுத்து. அப்படி ஒருவர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. டப்பா மூடியில் தாடி வைத்த ஒரு பெரியவரின் படம் வேண்டும் என்று ரங்கையா சென்னையில் ஒரு அச்சு பிளாக் வாங்கினார். படத்துக்குக் கீழே ஒரு பேர் வேண்டுமே என்று உமாபதி என்று போட்டார். அவ்வளவுதான் அவர் பிறந்த கதை.

ஆனால் ஒரே ஆளாக வருஷக்கணக்கில் எழுதினால் அந்த ஆளுக்குக் கை கால் முளைத்துவிடுகிறது. எழுத எழுத உமாபதிக்கு முழங்கால் வலி வந்தது. பெண்டாட்டி செத்துப்போயிருந்தாள். தித்திப்பு பிடிக்காது. மழைக்காலத்தில் எழுதும் கடிதங்களில், "எனக்கும் இந்தக் குளிரில் முழங்கால் மடக்க முடியவில்லை, உங்களுக்கு நெஞ்சு எப்படி?" என்று ஒரு வரி தன்னால் வந்து விழும். படிக்கிறவர்கள் அதற்கு உருகிப்போவார்கள். வைத்தியருக்கே முழங்கால் வலி என்றால், சொல்வது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள். உங்கள் ஊரில் இப்போது நாற்று நடுவார்களே, சேற்றில் நிற்காதீர்கள் என்று எழுதுவாள். பொங்கலுக்கு முன்னால், வெள்ளையடிக்கும் தூசியில் உட்காராதீர்கள் என்பாள். லேகியத்தைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி. பலசமயம் அதுவும் இருக்காது.

ஆர்டர்கள் ஏறின. ரங்கையா லேகியம் கிண்ட இன்னொரு அண்டா வாங்கினார்.

குடுபல்லியிலிருந்து ஒருவர், பையனைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதா தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதா என்று இருமல் மருந்துக்கு எழுதின கடிதத்திலேயே கேட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படிக்கட்டும், வீட்டில் அவனோடு தமிழில் சண்டை போடுங்கள் என்று உமாபதி பதில் எழுதினார். எல்லைத் தகராறு சூடு பிடித்த சமயத்தில், திருத்தணி எந்தப் பக்கம் போகவேண்டும் என்பது வைத்தியர் அபிப்பிராயம் என்று ஒருவர் கேட்டார். திருத்தணி எந்தப் பக்கம் போனாலும் உங்கள் இருமல் போகவேண்டும் என்பதே என் அபிப்பிராயம் என்று பதில் போயிற்று. ரங்கையா அதை வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கல்யாணப் பத்திரிகைகள் வந்தன. வேர்க்கடலை, பனங்கிழங்கு, புது அரிசி மாவு என்று பொட்டலங்கள் வந்தன. எல்லாம் உமாபதி வைத்தியருக்கு. வைத்தியரின் முழங்காலைப் பற்றி எத்தனையோ வீடுகளில் கவலைப்பட்டார்கள்.

தாட்சாயணியைப் பற்றி விசாரிக்க ஆள் இல்லை. அவள் குடியிருந்தது வேங்கடலக்ஷ்மி என்ற வைஷ்ணவ அம்மாளின் வீட்டுப் பின்கட்டில். அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. பார்த்தால் ஒரு வார்த்தை பேசுவார். ஆனால் பின்கட்டுக்கும் முன்கட்டுக்கும் நடுவிலிருந்த கதவை அவர் தன் பக்கத்தில் தாழ் போட்டே வைத்திருந்தார். கடையில் பகலெல்லாம் எழுதிவிட்டு வந்தால், பேசுவதற்கு வாயைத் திறக்க மறுநாள் காலைவரை சந்தர்ப்பம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரேணிகுண்டாவுக்கு ரயிலேறிப் போய், பிளாட்பாரத்தில் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பி வருவாள். யாரையும் பார்க்கப் போவதில்லை. ஜனங்கள் இறங்குவதையும் ஏறுவதையும், ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிடுவதையும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

சூளூர்பேட்டையிலிருந்து செல்லியம்மா என்ற பெண்பிள்ளை எழுத ஆரம்பித்தது அந்த நாளில்தான். புருஷன் எத்திராஜ் ஏரியில் படகு வலிக்கிறவன். இருமல் விடவில்லை. நாலாம் வகுப்புப் படித்தவள். கோணல் மாணலாகத் தானே எழுதுவாள். "வைத்தியர் அய்யாவுக்கு கும்பிடு. நீங்க சொன்ன மாதிரி அவரை ஈரத் துணியோட உக்கார விடறதில்லை" என்பாள். ஒருமுறை கருவாடு அனுப்பினாள். பொட்டலத்தைப் பிரித்ததும் ரங்கையா மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார். தாட்சாயணிக்கு நாக்கில் நீர் ஊறியது. வேங்கடலக்ஷ்மி அம்மாள் வீட்டில் அதை எப்படி வறுப்பது? மருந்து கட்டுகிற ஆளிடம் கொடுத்துவிட்டாள். கருவாடு ருசியாக இருந்தது என்று உமாபதி நன்றி எழுதினார்.

ஒரு தடவை செல்லியம்மா, இத்தனை டப்பா சாப்பிட்டும் முழுசாக நிற்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அக்கம் பக்கத்தில் சொல்கிறார்கள், போகலாமா என்று கேட்டு எழுதினாள். தாட்சாயணி வழக்கம்போல எழுதினாள்: பாதி ஆற்றில் ஓடத்தைத் திருப்புகிறவர் உங்கள் வீட்டுக்காரர் இல்லை என்று நினைக்கிறேன், இந்தக் குளிர்காலம் முடியட்டும். எழுதும்போது நல்ல வரி வந்துவிட்டதே என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

குளிர்காலம் முடிந்தது. செல்லியம்மாவின் அடுத்த கடிதத்தில், சளியோடு ரத்தம் வருகிறது என்று இருந்தது.

தாட்சாயணி கடிதத்தை எடுத்துக்கொண்டு ரங்கையாவிடம் போனாள். "இது நம்ம மருந்துக்குக் கேக்கற இருமல் இல்லீங்க. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிடறேன்."

ரங்கையா நெற்றியைச் சுருக்கினார். "உஷ்ணமா இருக்கலாம்மா. எங்க நாயன, அப்பாரு காலத்துலருந்து செய்யற மருந்து. ஆனாலும் சரே, டாக்டர்கிட்டயும் காட்டுங்கன்னு எழுது. மருந்தையும் நிறுத்தவேண்டாம்னு எழுது."

அவள் மருந்தை நிறுத்தச் சொல்லியே எழுதினாள். தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் அந்த ஒரு கடிதத்தில் போட்டாள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நான் சொன்னால் கேட்பீர்கள் அல்லவா என்று முடித்தாள். கீழே உமாபதியின் கையெழுத்தைப் போட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் கடை வாசலில் பேச்சுக்குரல் கேட்டது.

"வைத்தியர் அய்யாவைப் பாக்கணும். சூளூர்பேட்டைல இருந்து வந்துகினு இருக்கோம்."

தாட்சாயணி பெட்டிகளின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். கறுத்து மெலிந்த ஒருத்தி நின்றாள். அவள் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருவன், வேஷ்டி இடுப்பில் நிற்காமல்.

"வைத்தியரு காசிக்குப் போயிருக்காரு," என்றார் ரங்கையா.

"எப்ப வருவாரு?"

"ரெண்டு மாசம் ஆகும்மா."

"அவரு எழுதி இன்னும் பத்து நாள் ஆவலியே? ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு எழுதினாரு. எந்தூரு ஆஸ்பத்திரின்னு அவரையே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவலாம்னு இவரு புடிவாதமா நிக்கறாரு. வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு. பரவால்ல, நாங்க இங்கியே இருக்கோம்." அவள் வாசற்படியின் ஓரத்தில் புருஷனை உட்காரவைத்தாள். அவன் உட்கார்ந்ததும் இருமினான். ஏரிக்கரையிலிருந்து கடிதம் வழியாக அத்தனை நாள் கேட்ட இருமல், இப்போது பக்கத்தில் கேட்டது.

தாட்சாயணி மறைப்பை விட்டு வெளியே வந்தாள்.

"செல்லியம்மா," என்று கூப்பிட்டாள்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "என் பேரு ஒனக்கு எப்டித் தெரியும்?"

"நான்தான் ஒனக்கு எழுதறேன். உமாபதின்னு ஒருத்தர் இல்ல. எல்லாக் கடுதாசியும் நான்தான் எழுதினேன்."

ரங்கையா கல்லாப் பெட்டியிலிருந்து எழுந்துவிட்டார். கடையில் மருந்து வாங்க வந்திருந்த இரண்டு பேர் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செல்லியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "அந்த முட்டி வலி?" என்று கேட்டாள்.

"அதுவும் நான் எழுதினதுதான்."

"அதுக்காக எங்கூரு அம்மன் கோயில்ல வேண்டிக்கினேன் நான்."

தாட்சாயணி படியோரத்தில் எத்திராஜிடம் போய் நின்றாள். சொல்வதற்கு இருந்ததெல்லாம் எழுத்தில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். "இவருக்கு இருக்கறது காசமா இருக்கும்னு பயமா இருக்கு. இந்த மருந்து அதுக்கு ஒதவாது. மதனப்பள்ளிப் பக்கத்துல அதுக்குன்னே ஆஸ்பத்திரி இருக்கு. நானே கூட்டிக்கினு போறேன், வா," என்றாள்.

எத்திராஜ்தான் முதலில் எழுந்தான். "பொம்பளையா இருந்தா என்னா, போலாம் வா," என்றான். அவன் அவளோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். அதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது.

பஸ்ஸில் மலைப்பாதை முழுக்க செல்லியம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சில் இரண்டு பக்கமும் நோய் பரவியிருந்தது. மருந்து இப்போது இருக்கிறது, முன்னே மாதிரி இல்லை, ஆனால் இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். படுக்கை காலியாக இல்லை. நிலைமையை விளக்கி ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் எங்காவது தங்கியிருக்கச் சொன்னார்கள்.

வராந்தாவில் காகிதத்தை வைத்துக்கொண்டு தாட்சாயணி உட்கார்ந்தாள். செல்லியம்மா அவள் எதிரில் வந்து நின்றாள்.

"நல்லா எழுது," என்றாள். "பாதி ஆத்துல ஓடத்தைத் திருப்பாதேன்னு எழுதின பாரு. அந்த மாதிரி எழுது. அவங்களும் நம்பட்டும்."

தாட்சாயணியின் பேனா ஓடவில்லை. எவ்வளவோ பேருக்கு எழுதியவளுக்கு அந்த மனு வரவில்லை. கடைசியில், இத்தனை மாதம் இருமல், இத்தனை நாளாக ரத்தம், இவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை, இவ்வளவு தாமதமானதற்கு நான் எழுதிய கடிதங்களும் காரணம் என்று நாலே வரி எழுதி, அடியில் தன் பேரைப் போட்டாள். அந்தப் பேரை இத்தனை வருஷத்தில் ஒரு காகிதத்தின் கீழே அவள் எழுதியதே இல்லை.

சில நாளில் படுக்கை கிடைத்தது. மனுவைப் பார்த்துக் கொடுத்தார்களோ, முறை வந்து கிடைத்ததோ, தெரியாது. செல்லியம்மா சத்திரத்தில் தங்கிக்கொண்டாள். தாட்சாயணி திருப்பதிக்குத் திரும்பினாள்.

ரங்கையா சத்தம் போடவில்லை. அவர் முகம் வாடியிருந்தது. "நீ அந்த மனுஷனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது தப்புன்னு நான் சொல்லல. ஆனா என் கடை நடுவுல நின்னுக்கிட்டு உமாபதியே இல்லைன்னு சொல்லிட்டியேம்மா. ஊரெல்லாம் அதே பேச்சு." சம்பளத்தைத் தீர்த்துக் கையில் கொடுத்தார். அவள் படியிறங்கும்போது, "உன்னை மாதிரி எழுதறவங்க எனக்கு மறுபடி கிடைக்கமாட்டாங்க," என்றார். அது உண்மையாகவும் இருந்தது.

காச நோயாளியோடு பஸ்ஸில் போய் வந்தாள் என்ற செய்தி பின்கட்டுக்கு அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. வேங்கடலக்ஷ்மி அம்மாள் நடுக்கதவைத் திறக்காமல் அந்தப் பக்கமிருந்தே பேசினார். "தாட்சாயணி, நீ தப்பா நினைச்சுக்கப்படாது. பேரக் குழந்தைகள் லீவுக்கு வரா. நீ வேற ஜாகை பார்த்துண்டா நன்னா இருக்கும்." அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டாள்.

ஊருக்குப் போனபோது கோவர்த்தனன், "திருத்தணி மெட்ராஸுக்குப் போவப்போவுதாம். நம்மூரு இங்கியே நின்னுடுச்சு. நீ அந்தப் பக்கம் போனா தமிழ் டீச்சர் வேலை கெடைக்கும்மா," என்றான். அவனுக்கு அக்கறைதான். ஆனால் அந்தப் பக்கத்திலும் அவளுக்கென்று யாரும் இல்லை. சித்தூரில் விடுதி ஒன்று இருந்தது. அங்கே போய்த் தங்கி வேலைக்கு மனுப் போட ஆரம்பித்தாள்.

இதுவரை எங்கே என்ன வேலை பார்த்தீர்கள் என்ற கேள்விக்கு என்ன எழுதுவது? மருந்துக் கடையில் குமாஸ்தா என்று எழுதலாம். அதில் பொய் கிடையாது. அப்படி எழுதிப் பார்த்தாள், கிழித்தாள். பிறகு உள்ளதை உள்ளபடி எழுதினாள்: இல்லாத ஒரு வைத்தியரின் பேரில் கடிதம் எழுதி மருந்து விற்றேன், நன்றாக விற்றது, ஒரு குடும்பத்துக்கு அதனால் கெடுதல் நேர்ந்தது, கடையில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னதால் வேலை போயிற்று. இரண்டு பள்ளிக்கூடம், ஒரு அச்சகம், ஒரு அரிசி ஆலை. எங்கிருந்தும் பதில் இல்லை. விடுதிக்கு வரும் தபாலை மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டியில் போட்டுவைப்பார்கள். காலையில் எல்லாரும் வந்து எடுத்துக்கொண்டு போனபின் அவள் போய்ப் பார்ப்பாள்.

கடைசியில் கூப்பிட்டது ஒரு வெல்ல மண்டி. நடத்தியவள் இந்திராணி என்ற பெண். புருஷன் பக்கவாதத்தில் விழுந்தபின் மண்டியில் வந்து உட்கார்ந்தவள். வாய்த்துடுக்கு அதிகம்.

"இந்த மனுவை நீயே எழுதினியா?"

"ஆமாங்க."

"வேலை வேணும்னு கேக்கறவங்க யாராச்சும் இப்டி எழுதுவாங்களா? இதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் எனக்கு ஒரே யோசனை. எங்கிட்ட என்ன பொய் எழுதச் சொன்னா நீ போயிடுவே?"

"சரக்கு கறுப்பா இருந்தா கறுப்புன்னு எழுதுவேங்க."

"வேலூர்க்காரன் வாங்க மாட்டானே."

"கறுப்புன்னு முன்னாடியே தெரிஞ்சா அதுக்குத் தக்கன வெலை பேசுவாருங்க. மூட்டையைப் பிரிச்சுப் பார்த்துத் தெரிஞ்சுக்கினாத்தான் அடுத்த லோடு வாங்க மாட்டாரு."

இந்திராணி அரைமனதோடுதான் வேலை கொடுத்தாள். முதல் சீசனில் இரண்டு வியாபாரிகள் கழன்றுகொண்டார்கள். அடுத்த சீசனில் குடியாத்தத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்தவர்கள், மூட்டையைப் பிரிக்காமலே லாரியில் ஏற்றச் சொன்னார்கள். தாட்சாயணியின் கடிதங்கள் இப்போது நாலு வரிதான். இன்ன தேதிச் சரக்கு, இன்ன நிறம், இத்தனை மூட்டையில் ஈரம் உண்டு. யார் முழங்காலையும் பற்றி அதில் எதுவும் இராது. யாரும் அவளுக்கு வேர்க்கடலை அனுப்பவில்லை.

உமாபதி இல்லாதது சில சமயம் அவளை வாட்டியது. அது வெட்கமாகவும் இருந்தது. ஒரு பொய்க்காரனை நினைத்து ஏங்குவதாவது! ஆனால் மழை பிடித்துக்கொண்ட நாளில், எங்கோ ஒரு வீட்டில் யாரோ தன் முழங்காலை நினைத்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு ஒரு காலத்தில் இருந்தது. இப்போது மழை வெறும் மழையாகப் பெய்தது.

எத்திராஜ் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் இருந்தான். நடுவில் நன்றாகத் தேறிச் சதைகூடப் போட்டான். பிறகு ஒரு ஐப்பசியில் போய்விட்டான். தாட்சாயணி எழுதிப்போட்டிருந்த சித்தூர் விலாசத்துக்குச் செல்லியம்மாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. புருஷன் போன சேதி ஒரு வரி. அடுத்த வரியில், ஆஸ்பத்திரிச் சமையல் கட்டில் ஆள் எடுக்கிறார்கள், ஒரு மனு எழுதித் தரவேண்டும் என்று இருந்தது. கும்பிடு இல்லை, க்ஷேம விசாரிப்பு இல்லை.

தாட்சாயணி பஸ்ஸேறிப் போய், செல்லியம்மா முன்னால் உட்கார்ந்து எழுதினாள். எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டினாள்.

"ஒரு வருஷமா அவருக்குக் கஞ்சி வெச்சுக் கொடுத்தேன்னு எழுதினியே, பக்கத்துக் கட்டில்காரங்களுக்கும் வெச்சுக் கொடுத்தேனே, அதை எழுதலியே?"

"எனக்குத் தெரியாது. நீ சொன்னாத்தானே தெரியும்."

"முன்ன மட்டும் சொல்லாமலே எல்லாத்தையும் எழுதின?" என்றாள் செல்லியம்மா. கோபமாகச் சொன்னாளா, கேலியாகச் சொன்னாளா என்று தாட்சாயணிக்கு விளங்கவில்லை. அந்த வரியைச் சேர்த்து எழுதினாள். செல்லியம்மாவுக்கு வேலை கிடைத்தது.

சூளூர்பேட்டைக்குப் போகிற வழியில், வருஷத்துக்கு ஒருமுறை செல்லியம்மா சித்தூரில் இறங்குவாள். அடுத்த பஸ் வரும்வரை மண்டிக்கு வந்து வெல்ல மூட்டையின் மேல் உட்கார்ந்திருப்பாள். பேச்சு அதிகம் இருக்காது. சமையல்கட்டில் புதுசாக வந்த அடுப்பைப் பற்றிச் சொல்வாள். "நீ துன்னியா?" என்று கேட்பாள். தாட்சாயணி அவளுக்கு டீ வரவழைப்பாள். எப்போது வருவேன் என்று செல்லியம்மா எழுதிப் போடமாட்டாள். அதனால் தை பிறந்தது முதல், மதனப்பள்ளி பஸ் வருகிற நேரத்தில் தாட்சாயணி வெளிவேலை எதையும் வைத்துக்கொள்வதில்லை.

திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த அந்த வருஷம், மண்டியின் விலாசங்களையெல்லாம் மாற்றவேண்டி வந்தது. திருத்தணி வியாபாரிகளின் பேருக்குக் கீழே சித்தூர் ஜில்லா என்பதை அடித்துவிட்டு வேறு ஜில்லா எழுதிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் செல்லியம்மா வந்தாள். டீ குடித்தாள். பஸ் சத்தம் கேட்டதும் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, "வரேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்திராணி உள்ளேயிருந்து எட்டிப்பார்த்தாள். "வருஷா வருஷம் வருதே, யாரு அது? ஒனக்கு ஒறவா?"

தாட்சாயணி டீ டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். தெருவில் பஸ் கிளம்பிற்று.

"தெரிஞ்சவங்க," என்றாள். குடியாத்தத்துக்கு எழுதவேண்டிய கடிதத்தை எடுத்துத் தேதியைப் போட்டாள்.